கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சிவக்கச் சூடாகிறது, உதவி தேவை

வணக்கம். சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். என் கார் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 92,000 கி.மீ. ஓடியது. மூன்று வாரமாக கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) அளவுக்கு மீறிச் சூடாகிறது.

முதலில் ஓஎம்ஆர் சாலை சிக்னல்களில் வண்டி குலுங்கியது, செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. அப்புறம் அழுகிய முட்டை நாற்றம். போன ஞாயிறு இரவு பள்ளிக்கரணை பக்கம் ஒரு காலி மனையில் நிறுத்திவிட்டு இறங்கினால் கருகிய வாடை. குனிந்து பார்த்தேன். கன்வர்ட்டர் மங்கலான சிவப்பில் இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே காய்ந்த புல், நுனியெல்லாம் கருகியிருந்தது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவில்லை.

ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகள் பி0302, பி0420. அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), கன்வர்ட்டரின் திறனும் குறைந்துவிட்டது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் இருப்பது 1,000ஐத் தாண்டிப் போனால் கன்வர்ட்டர் கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறி 1,400 வாக்கில் போனால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடே உருகிவிடும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாயிற்று. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாவது சிலிண்டரிலிருந்து கழற்றி மூன்றாவதில் போட்டுப் பார்த்தோம், கோளாறு இரண்டிலேயே நிற்கிறது, அதனால் காயில் காரணமில்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தும் பலனில்லை. ஒரு மெக்கானிக் கன்வர்ட்டரை வெட்டிவிட்டு வெறும் பைப் போடலாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூல காரணம் அப்படியே இருக்கும், நச்சுப் புகையும் நேராக வெளியே போகும்.

புது கன்வர்ட்டர் போடுவதற்கு முன் இரண்டாவது சிலிண்டரில் அடுத்து எதைச் சோதிக்கச் சொல்வீர்கள், கம்ப்ரஷனையா (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), இன்ஜெக்டர் வயரிங்கையா?