மேட்டுத்தெரு சைக்கிள் குழு, குன்னூர்: 170 மி.மீ. நமக்கு வேண்டுமா?

கார்த்தி, காலை 6:48
எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒருவர் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் எண்டூரோ என்ற மலைச் சைக்கிளை விற்கிறார். 2021 மாடல், 29 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் 170 மி.மீ. ட்ராவல், அதாவது சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம். பிரேம் அளவு என் உயரத்துக்குச் சரிதான். வாங்கலாமா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஜான் அண்ணன், 6:55
170-ஆ! இங்கே எதற்குத் தம்பி அவ்வளவு? நான் பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத ஹார்ட்டெயிலில்தான் லேம்ப்ஸ் ராக் பக்கம் போய் வருகிறேன்.

மீனா அக்கா, 7:02
போய் வருகிறாய், சரி. இறங்கி முடித்ததும் உன் கை எப்படி இருக்கிறது என்று சொல். கல் பாவிய எஸ்டேட் ரோட்டில் தொடர்ந்து இறங்கினால் முழங்கைக்குக் கீழே மரத்துப்போகும், பிரேக் பிடிக்க விரல் மடங்காது. என் வண்டி 160. வேகமாகப் போவதற்காக நான் அதை வாங்கவில்லை. கடைசி வளைவு வரை கையில் பிடி இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

ஜான் அண்ணன், 7:04
கை வலிப்பது உண்மைதான் அக்கா. ஆனால் மேலே ஏற வேண்டாமா?

கார்த்தி, 7:05
எடை பதினைந்து கிலோவுக்கு மேல் வரும் என்கிறார்.

மீனா அக்கா, 7:09
எடையைக் கண்டு பயப்படாதே. இந்த வகை வண்டிகளில் இப்போது சீட் குழாய் நல்ல செங்குத்தாக இருக்கும், 76 டிகிரி அளவில். உட்கார்ந்தால் பெடலுக்கு நேர் மேலே இருப்போம். மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும். எனக்கு ஏற்றத்தில் தொல்லை தருவது முன் சக்கரம்தான். ஹெட் ஆங்கிள், அதாவது ஹேண்டில் குழாயின் சாய்வு, 64 டிகிரிதான் இருக்கிறது. செங்குத்தான இடத்தில் மெதுவாகப் போனால் ஹேண்டில் இப்படியும் அப்படியும் அலையும். நெஞ்சை ஹேண்டில் பக்கம் சாய்த்து, முன்னால் பாரம் கொடுத்தே ஏற வேண்டும்.

சேகர் அண்ணன், 7:31
இப்போதுதான் பார்த்தேன். கார்த்தி, நீ வாரத்தில் பெரும்பாலும் எங்கே ஓட்டுகிறாய்?

கார்த்தி, 7:33
எடப்பள்ளி பக்கம் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதை. லீவு நாளில் கேத்தி பள்ளத்தாக்கு. மழை இல்லாவிட்டால் மாமா எஸ்டேட்டில் அந்தக் கல் ரோடு.

சேகர் அண்ணன், 7:52
அப்படியானால் விவரமாகவே சொல்கிறேன். 170 மி.மீ. வண்டி பெரிய கல், பெரிய பள்ளம், நீண்ட இறக்கம், நல்ல வேகம் என்று எண்ணிச் செய்தது. வேகம் இருந்தால்தான் அந்த சஸ்பென்ஷன் உயிரோடு வேலை செய்யும். நம் தேயிலைப் பாதையில் எங்கே வேகம் எடுப்பது? இருபது அடி போனால் ஒரு முடக்கு. இந்த வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒன்றேகால் மீட்டர் வரும். முடக்கில் திரும்ப வேண்டுமானால் பின் சக்கரத்தைத் தூக்கி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டும்.

அப்புறம் ஹேண்டில். கடையில் வரும்போது 800 மி.மீ. அகலம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கிளை முனை எவ்வளவு கெட்டி என்று உனக்குத் தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவே போகும்போது முதலில் அடி வாங்குவது சுண்டுவிரல் மொளிதான். 760-க்கு அறுத்துவிட்டுப் போகலாம், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்றாவது, கல் படிகள். ஆள் ஏறி உட்கார்ந்தாலே பின்பக்கம் முப்பது சதவீதம் அமுங்க வேண்டும், அதைத்தான் சேக் என்கிறோம். 170-இல் முப்பது சதவீதம் 51 மி.மீ. அவ்வளவு கீழே இறங்கிய பெடல், ஏற்றத்தில் மிதிக்கும்போது கல்லில் இடிக்கும். பெடலைத் தாங்கும் கிராங்கை 165 மி.மீ. ஆக்கினால் கொஞ்சம் தப்பலாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். மாமா எஸ்டேட் கல் ரோட்டில் அந்த வண்டிக்கு ஈடு கிடையாது. ஸ்பெஷலைஸ்டுக்கு இறக்கத்துக்கென்றே செய்த டவுன்ஹில் வண்டி ஒன்று உண்டு, அதன் பெயர் டெமோ. அதன் பின் சஸ்பென்ஷன் மூட்டுகளின் லிங்கேஜ் அமைப்பிலிருந்துதான் 2020-இல் இந்த எண்டூரோவை மாற்றிச் செய்தார்கள். பின் சக்கரம் கல்லில் மோதும்போது கொஞ்சம் பின்னோக்கி நகர்ந்து வழி விடும், அதனால் வண்டி தடுக்கி நிற்காது. அதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

ஜான் அண்ணன், 7:58
அண்ணா, அப்போ வாங்கச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

சேகர் அண்ணன், 8:01
அவன் சொன்ன மூன்று பாதையில் இரண்டுக்கு 130, 140 போதும். என் வண்டி 130. நல்ல டயரும் நல்ல பிரேக்கும் போட்டால் நம் ஊரில் முக்கால்வாசி இடம் அதிலேயே ஓடும்.

மீனா அக்கா, 8:06
முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விழுகிறோம். சேகர், நீ இருபது வருடமாக ஓட்டுகிறவன், 130-ஐ வைத்துச் சமாளிப்பாய். தம்பிக்குப் பழக்கம் இப்போதுதான் வருகிறது. தவறான கோட்டில் போய்விட்டால் காப்பாற்ற ஒரு வண்டி வேண்டும்.

சேகர் அண்ணன், 8:10
இதில் எனக்கு உடன்பாடு இல்லை அக்கா. வண்டி காப்பாற்றும் என்று பழகினால் கோடு பார்க்கும் கண் வராது. அப்புறம் பெரிய வண்டியில் விழுந்தால் பெரிய வேகத்தில்தான் விழுவான்.

மீனா அக்கா, 8:13
அதையும் ஒப்புக்கொள்கிறேன். எதை வாங்கினாலும் முழு முகம் மூடிய ஹெல்மெட், முழங்கால் பேடு இரண்டும் வாங்கித்தான் ஆக வேண்டும் கார்த்தி. அந்தப் பணத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வண்டி பார்.

பெரியம்மா, 8:20
அக்கா சொல்வதைக் கேள் கண்ணா. மழை நேரத்தில் வேண்டாம்.

கார்த்தி, 8:22
சரி பெரியம்மா.

ஜான் அண்ணன், 8:25
மழை என்றதும் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழையில் இந்தச் செம்மண் டயர் பட்டைகளுக்குள் அப்பிக்கொண்டால் 170 இருந்தாலும் 100 இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். கற்பூர மரத்துக் (யூகலிப்டஸ்) காய் உதிர்ந்து கிடக்கும் இடம் அதைவிட மோசம். சைக்கிளுக்குப் போடும் காசில் முதலில் டயருக்குப் போடு. பட்டை இடைவெளி அகலமாக இருக்கிற முன் டயர், டியூப்லெஸ், காற்று கொஞ்சம் குறைவாக.

சேகர் அண்ணன், 8:29
நூற்றுக்கு நூறு சரி. பிரேக் பேடும் மெட்டல் கலந்ததாகப் போடு. ரெசின் பேடு மழைச் சேற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரோட்டர், அதாவது பிரேக் வட்டு, முன்னால் 200 மி.மீ. இருக்கிறதா என்று கேள்.

கார்த்தி, 8:41
முன்னும் பின்னும் 200 என்கிறார். நான்கு பிஸ்டன் பிரேக். (படம்) (படம்)

சேகர் அண்ணன், 8:50
இரண்டாவது படம் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறார், நல்லது. ஆனால் படத்தை நம்பாதே. நேரில் போனால் ஃபோர்க்கின் மேல் கம்பியைத் துணியால் துடைத்துவிட்டு விரல் நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக இழு. எங்கேயாவது நகம் மாட்டினால் அந்தக் கீறல் எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீலைத் தின்னும், எண்ணெய் கசியும். அடுத்து, ஒரு ஆள் பின் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும், நீ சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கு. சஸ்பென்ஷன் நகர்வதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் லிங்கேஜ் பேரிங் அல்லது ஷாக் புஷ் போயிருக்கிறது. இந்த வண்டியில் மூட்டுகள் நிறைய. எல்லா பேரிங்கும் மாற்றினால் கை கடிக்கும், அதை விலையில் குறைக்கச் சொல்.

மீனா அக்கா, 8:54
கடைசி சர்வீஸ் எப்போது என்று கேள். இது முக்கியம். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் என்றால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் (ஃபோர்க்கின் கீழ்க் குழாய்) எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள், ஃபாக்ஸ் கம்பெனி என்றால் 125 மணி நேரம். நம் சேற்றில் அதற்கு முன்னாலேயே செய்வது நல்லது.

கார்த்தி, 8:57
ஃபாக்ஸ் 38 அக்கா. இன்னொரு சந்தேகம். கோயம்புத்தூரில் காற்று சரிபார்த்துவிட்டு மேலே கொண்டுவந்தால் மாறுமா?

சேகர் அண்ணன், 9:05
நல்ல கேள்வி. கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர், ஊட்டி 2,240. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கிருந்து ஊட்டிக்கு வரும்போது ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. குறையும். குன்னூருக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. ஃபோர்க்கின் மேலே இருக்கிற காற்று அறைக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கீழ்க்கால்களுக்குள் அடைபட்ட காற்று வெளியே போக வழி இல்லாமல் சீலைத் தள்ளும், ஃபோர்க் முதல் சில மில்லிமீட்டருக்குப் பிடித்துப் பிடித்து அமுங்கும். காலின் பின்பக்கம் சின்னப் பொத்தான் இருக்கும். வண்டியை நிறுத்தி, பாரம் இல்லாமல் ஒருமுறை அழுத்திவிடு. 'புஸ்' என்று போய்விடும். போன வருடம் ஒரு கடையில் இது தெரியாமல் ஃபோர்க்கையே கழற்ற வேண்டும் என்று என் நண்பனிடம் சொல்லிவிட்டார்கள்.

ராஜு மாமா, 9:40
எல்லாம் படித்தேன். எஸ்டேட் சார்பாக ஒரு வார்த்தை. கல் ரோட்டில் ஓட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வேலை நாளில் காலையில் கொழுந்து பறிக்கும் அக்காமார்கள் அந்தப் பாதையில்தான் கூடையோடு நடப்பார்கள். பெரிய வண்டி வந்தால் வேகமும் வரும். அவர்களைப் பார்த்ததும் இறங்கி நிற்க வேண்டும், மணி அடித்து ஒதுக்கக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறை இடம். 2018-இல் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு அனுமதி இல்லாமல் யாரையும் விடுவதில்லை, அதை மீறினால் எஸ்டேட்டுக்கும் சிக்கல். விடியற்காலையில் சோலை ஓரம் காட்டெருமை நிற்கிறது, வெயில் ஏறும் வரை வராதீர்கள்.

கார்த்தி, 9:44
நிச்சயமாக மாமா.

மீனா அக்கா, 9:47
கார்த்தி, ஒன்று செய். அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதே. இந்த ஞாயிறு என் 160-ஐ எடுத்துக்கொள். சேகரின் 130-இல் எடப்பள்ளி பாதை, என்னுடையதில் மாமா எஸ்டேட். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினால் உன் உடம்பே சொல்லிவிடும்.

சேகர் அண்ணன், 9:49
நல்ல யோசனை. சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப் நான் கொண்டுவருகிறேன். உன் எடைக்கு சேக் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அக்காவின் காற்று அளவில் ஏறினால் உனக்கு வண்டி முழுவதும் அமுங்கி அடித்தட்டும், வண்டியையே தப்பாக எடை போடுவாய்.

ஜான் அண்ணன், 9:51
நானும் வருகிறேன். எனக்கும் ஒரு சுற்று 160 கொடுங்கள் அக்கா.

மீனா அக்கா, 9:52
தாராளமாக.

ராஜு மாமா, 9:58
ஞாயிறு பறிப்பு இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், வாட்ச்மேனிடம் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

கார்த்தி, 10:01
சரி மாமா. திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று விற்பவருக்கு இப்போதே எழுதிவிடுகிறேன்.