கேரளா பாறசாலையில் போனுக்கு வரி 9 சதவீதம்தானாம், இங்கே 18 ஆம். யார் சொன்னது?

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | சனி, இரவு 9.10
இன்றைக்குக் கடையில் கூட்டமான நேரத்தில் ஒருவர் வந்து, நாலு பேர் முன்னால் ஒரு பில்லை மேசையில் போட்டார். பாறசாலையில் ஓணம் சலுகையில் வாங்கிய போன். "அங்க வரி 9, நீங்க 18 போடுறீங்க, மிச்சம் 9 யாரு பைக்குப் போகுது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பாட்டி வாங்க வந்த போனை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ஊர்க் குழுக்களிலும் இதே பேச்சு ஓடுகிறது.

பதினோரு வருடமாக பில் போடுகிறேன். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி, அதாவது நாடு முழுக்க ஒரே சரக்கு சேவை வரி. போனுக்கு முதலில் 12 சதவீதம், 2020 ஏப்ரல் 1 முதல் 18. எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் 18, அந்தப் பக்கமும் 18. விலை குறைத்துக் கொடுத்தால் அது கடைக்காரர் தன் லாபத்தில் குறைத்தது. அதை வரி என்று சொல்லி எங்களைத் திருடன் ஆக்காதீர்கள்.

குழித்துறை மச்சான் | 9.24
அந்த ஒருவர் நான்தான். ஒளிந்து பேச எனக்கு அவசியம் இல்லை. பில் என் கையில் இருக்கிறது. எஸ்ஜிஎஸ்டி, அதாவது மாநில வரி, 9 என்று அச்சடித்திருக்கிறது. என் மச்சினன் அதே போனை ஆன்லைனில் வாங்கினான், அவன் பில்லில் 18. எனக்கு 23,600, அவனுக்கு 24,780. 1,180 ரூபாய் வித்தியாசம் வானத்தில் இருந்தா வந்தது?

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 9.27
அந்த 9க்கு மேலே இருக்கும் வரிசையில் என்ன இருக்கிறது? அதையும் வாசியுங்கள்.

குழித்துறை மச்சான் | 9.31
சிஜிஎஸ்டி 9. அது டெல்லிக்குப் போவது, எனக்குத் தெரியும். நான் கேரளா வரியைப் பற்றிப் பேசுகிறேன். கேரளா வரி 9 தான்.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 9.38
9ம் 9ம் 18. இரண்டையும் நீங்கள்தான் கட்டினீர்கள். ஆன்லைனில் விற்றவர் வேறு மாநிலத்துக்காரர், அதனால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டி விற்பதற்கான வரி, என்று ஒரே வரிசையில் 18 வந்தது. உள்ளூர்க் கடையில் வாங்கினால் அதே 18 இரண்டாகப் பிரிந்து வரும். நாகர்கோவிலில் வாங்கியிருந்தாலும் 9, 9 என்றுதான் இருக்கும்.

தக்கலை டீச்சர் | 9.46
கணக்கு நான் போடுகிறேன். 23,600ஐ 118ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 20,000. அதற்கு 1,800, இன்னொரு 1,800. மச்சினன் பில்லில் 21,000, வரி 3,780. சாமானின் விலையே ஆயிரம் ரூபாய் குறைவு, அதனால் வரியும் 180 குறைந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

குழித்துறை மச்சான் | 9.50
டீச்சர், உங்கள் கணக்கு சரி. ஆனால் அச்சடித்த காகிதத்தில் 9 என்று இருக்கிறதா இல்லையா? ஆமாம், இல்லை என்று சொல்லுங்கள் போதும்.

பாறசாலை இக்கரை | 10.02
ஒன்று சொல்லட்டுமா. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஓணத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அது அவர் மனசு. உங்கள் ஊரில் தீபாவளிக்குக் கூட ஒரு கவரும் ஒரு கண்ணாடியும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜனம் எங்கே மரியாதை கிடைக்கிறதோ அங்கே போகும். அதற்கு எதற்கு இவ்வளவு எரிச்சல்?

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 10.09
ஓணத்துக்குக் குறைப்பதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வரி குறைவு என்பதுதான் பொய். சொல்லப்போனால் 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை கேரளாவில் வெள்ளத் தீர்வை என்று 1 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். போனுக்கு 18 ஆன 2020 ஏப்ரலில் இருந்து அது முடியும் வரை பாறசாலை பில்லில் வரி 19. அப்போதும் இங்கிருந்து அங்கே போய் வாங்கிவிட்டு வரி குறைவு என்று சொன்னவர்கள் உண்டு.

பாறசாலை இக்கரை | 10.15
அந்த ஒரு சதவீதத்தை இங்கே இழுக்காதீர்கள். 2018 வெள்ளத்தில் போன வீடுகளுக்காக நாங்கள் கட்டிய பணம் அது. என் அக்காள் வீடு செங்கன்னூரில். மொட்டைமாடியில் இரண்டு நாள் நின்றார்கள். அதைக் குற்றம் மாதிரிச் சொல்கிறீர்கள்.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 10.18
குற்றம் என்று நான் எங்கே சொன்னேன்? 19 என்று சொன்னேன். அது 19 தான்.

பாறசாலை இக்கரை | 10.20
சொன்ன விதம் அப்படி.

செங்கோட்டை கணவாய் | 10.27
எல்லா வரியும் ஒன்று என்றால், புளியரை தாண்டி கேரளா வண்டி ஏன் எங்கள் பெட்ரோல் பங்கில் வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகிறது? அதற்குப் பதில் சொல்லுங்கள் பில் கவுண்டர்.

குழித்துறை மச்சான் | 10.28
அப்படிக் கேளுங்கள்! இதற்குப் பதில் வராது.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 10.36
பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை. அந்தந்த மாநிலம் தன் வரியைப் போடுகிறது. 2023 ஏப்ரலில் கேரளா லிட்டருக்கு 2 ரூபாய் தீர்வை வேறு சேர்த்தது. அதனால் அங்கே விலை கூடுதல். ஜிஎஸ்டிக்கு முன்பு, வாட் வரிக் காலத்தில், எல்லாச் சாமானுக்கும் இதுதான் நிலைமை. அமரவிளை வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் ராத்திரி முழுக்க வரிசையில் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன். 2017ல் அந்தச் சாவடியே போய்விட்டது. பெட்ரோலைக் காட்டி போனுக்கு நியாயம் சொல்ல முடியாது.

குழித்துறை மச்சான் | 10.40
அப்போ மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறாகும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 10.41
பெட்ரோலுக்கு!

தக்கலை டீச்சர் | 10.45
மச்சான், இன்னொன்றும் யோசியுங்கள். நீங்கள் கட்டிய 1,800 திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. உங்கள் மச்சினன் கட்டியதில் பாதி, 1,890, தமிழ்நாட்டுக்கு வந்தது. நம் ஊர் ரோடு குண்டும் குழியும் என்று நீங்கள்தான் போன வாரம் எழுதினீர்கள்.

குழித்துறை மச்சான் | 10.49
என் காசு, என் இஷ்டம். ரோட்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?

பாறசாலை இக்கரை | 10.55
டீச்சர், கேரளாவுக்குப் போனால் என்ன, தண்ணீரில் போட்ட மாதிரியா? நெய்யாற்றின்கரை தாலுகாவில் தமிழ் பேசுகிற நாங்களும் இருக்கிறோம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் உங்களோடு வந்தன. எங்களை விட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது பில்லிலும் பிரிக்கிறீர்கள்.

செங்கோட்டை கணவாய் | 11.01
எங்கள் தாலுகாவையே இரண்டாக வெட்டினார்கள். ஆரியங்காவு அந்தப் பக்கம் போனது. உங்களுக்கு மட்டும்தான் வலி என்று பேசாதீர்கள்.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 11.04
நான் போன் பில்லைப் பற்றிக் கேட்டேன். தமிழ்நாட்டோடு இணையப் போராடிய நேசமணி ஐயா காலத்துக்கு ஏன் போகிறீர்கள்?

பாறசாலை இக்கரை | 11.06
ஜெயித்த பக்கம் நிற்கிறவருக்கு அது பழைய கதைதான்.

இரணியல் பிளேயர் | 11.12
மச்சான் அண்ணே, அது எந்த மாடல்? பிஜிஎம்ஐ கேம் நொடிக்கு 90 ஃபிரேமில் ஓடுமா?

குழித்துறை மச்சான் | 11.15
பையனுக்காகத்தான் வாங்கினேன். 120 ஓடும். பெட்டியிலேயே 120 என்று போட்டிருக்கிறது.

இரணியல் பிளேயர் | 11.17
அண்ணே, அது திரையின் ஹெர்ட்ஸ். திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் என்று அர்த்தம். விளையாட்டு எத்தனை ஃபிரேம் தரும் என்பது சிப்பைப் பொறுத்தது. செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள், 60க்கு மேல் காட்டுகிறதா?

குழித்துறை மச்சான் | 11.19
பெட்டியில் 120.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 11.26
பெட்டியில் ஒரு எண், பில்லில் ஒரு எண். முழுசாக வாசிக்க மட்டும் மாட்டார். தம்பி, இந்த விளையாட்டால் நாங்கள் பட்டது கொஞ்சம் இல்லை. 2020 செப்டம்பர் 2ல் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த வாரம் ஒரு பையன் பத்து நாள் பழகிய போனைப் பெட்டியோடு கொண்டு வந்து, "கேம் இல்லாத போன் எனக்கெதுக்கு, திருப்பி எடுங்க" என்று கடை வாசலில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா வள்ளத்துக்குப் போகிறவர், தவணையில் வாங்கிக் கொடுத்திருந்தார். 2023 மே மாதம் கேம் திரும்பி வந்தபோது அந்தத் தவணையே முடியவில்லை.

தக்கலை டீச்சர் | 11.30
பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குக் கேம் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து வரி பேசுகிறார்.

குழித்துறை மச்சான் | 11.32
டீச்சர், என் வீட்டு விஷயத்தில் தலையிட வேண்டாம்.

கருங்கல் சந்தை | 11.38
எல்லோரும் போனைப் பற்றியே பேசுங்கள். நான் 2025 ஓணத்துக்கு 43 இஞ்ச் டிவி வாங்கினேன், அதுவும் பாறசாலையில்தான். 28 சதவீதம் கட்டினேன். திருவோணம் செப்டம்பர் 5. செப்டம்பர் 22ல் அதையே 18 ஆக்கினார்கள். பதினேழு நாள்! இன்னும் வயிறு எரிகிறது. ஒரு கடைக்காரனும் சொல்லவில்லை.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 11.43
செப்டம்பர் 3 ராத்திரியே அறிவித்துவிட்டார்களே. எங்கள் கடையில் டிவி கேட்டு வந்தவர்களிடம் 22 வரை பொறுங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். முதலாளியிடம் திட்டும் வாங்கினேன். நீங்கள் இங்கே வந்திருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பேன்.

பாறசாலை இக்கரை | 11.46
ஆமாம், நீங்கள் மட்டும்தான் யோக்கியர்.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 11.51
நான் யோக்கியனா இல்லையா என்பதைப் பாட்டியிடம் கேளுங்கள். ஆறு மாதம் சீட்டு கட்டிப் பேரனுக்குப் போன் வாங்க வந்தார். மச்சான் போட்ட சத்தத்தில் பயந்து, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். எனக்கு அந்த வியாபாரம் போனது பெரிது இல்லை. "நீயுமா மக்கா ஏமாத்துறே" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். மச்சான், நாளை மதியம் கடையில் இருப்பேன். இரண்டு பில்லையும் கொண்டு வாருங்கள். பாட்டியையும் நானே கூட்டி வருகிறேன். அவர் முன்னால் கூட்டிப் பார்ப்போம்.

குழித்துறை மச்சான் | 11.58
நாளை எனக்கு வேலை இருக்கிறது. போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும், பாறசாலைக்குத்தான் போகிறேன். பாட்டிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களிடம்தான் கேட்டேன். காகிதத்தில் இருப்பது 9.

பில் கவுண்டர் மார்த்தாண்டம் | 11.59
மேலே இருக்கும் வரிசையையும் வாசியுங்கள்.

குழித்துறை மச்சான் | 12.03
9.