தகுதிகாண் முதல் ரவுண்ட்: ரெண்டே மட்ச்தானோ?

மல்லாவிப் பெடியன்:
அண்ணைமார், 2026 உதைபந்தாட்ட உலகக்கிண்ணத்துக்கு எண்டு இலங்கை 2023 ஒக்டோபர்ல யேமனோட ரெண்டு மட்ச் விளையாடினது, அதோட வெளிய. மற்ற நாடுகள் குறூப்ல ஆறு மட்ச் ஆடேக்க எங்களுக்கு ஏன் இப்பிடி?

கிளிநொச்சியான்:
தம்பி, அந்தமுறை ஆசியாவில 46 நாடு. பீபா (உலக உதைபந்தாட்டச் சம்மேளனம்) தரவரிசையில மேல நிண்ட 26ம் நேரா ரெண்டாம் ரவுண்டுக்குப் போயிடும், கீழ கிடந்த 20ம் சோடி சோடியா மோதோணும், இங்க ஒண்டு அங்க ஒண்டு, ரெண்டு மட்ச் கோலையும் கூட்டிப் பாத்து வெண்ட 10 ரீம்தான் மேல போகும். எங்கட ஆக்கள் முதல் மட்ச் 3-0 தோல்வி, கொழும்பில 1-1. அந்த வருசம் ஜனவரியில பீபா தடை போட்டு ஓகஸ்ட்லதான் எடுத்தது, அவ்வளவு மாசம் மட்ச் இல்லாத பெடியள் 1-1 எடுத்ததே பெரிய விசயம்.

முள்ளியவளை வாசி:
அதுக்கு முந்தின 2022 கிண்ணத் தகுதிகாணில, 2019ல மக்காவோட்ட 1-0 தோத்தது, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பயத்தில அவை இங்க வரேல்ல, 3-0 எண்டு எங்களுக்கு வெற்றி தந்தாங்கள். பிறகு குறூப்ல தென்கொரியாவோட 8-0 தோல்வி. ஆனா 2021 லெபனான் மட்ச், தோத்தாலும் 3-2! வசீம் ராசிக் ரெண்டு கோல். நான் விறாந்தையில குந்தியிருந்து போன்ல பாத்தனான், சிக்னல் விட்டு விட்டு வருது, ரெண்டாவது கோலுக்கு எழும்பிக் கத்தினதில அம்மா குசினியில இருந்து ஓடி வந்திட்டா.

மல்லாவிப் பெடியன்:
விளங்கீற்றுது. அப்ப முதல் ரவுண்ட்ல தோத்தா ஆசியக் கிண்ணமும் இல்லையோ?

கிளிநொச்சியான்:
இல்லையடா, அதுக்கு வேற வழி இருந்தது. 2024 செப்டெம்பர்ல கம்போடியாவை பெனால்டியில வெண்டுதான் ஆசியக் கிண்ண தகுதிகாண் கடைசி ரவுண்டுக்குப் போனவை.