எட்டு ரிவீட்டு எங்கே போச்சு?

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 9.12

நேத்து ஒருத்தர் இந்தப் பழைய வண்டி குரூப்புல உதார் வுட்டுட்டுப் போயிருக்காரு: "தெருவுல குந்தி வெல்டிங் அடிச்ச வண்டி ஒட்டுப்போட்ட வண்டி. அதுக்கெல்லாம் ரெஸ்டோரேஷன்னு பேரு வைக்காதீங்க." பேரு போடல. ஆனா போன வாரம் வண்டியோட அடிச்சட்டம், அதான் சேஸ், போட்டோ போட்டவன் நான் ஒருத்தன்தான். யாருக்கு வுட்ட குத்துன்னு புரியாத அளவுக்கு நான் ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல.

வண்டி 1974 மஹிந்திரா எஃப்சி 150 பிக்கப். மாதவரத்துல ஒரு லாரி ஷெட்டு பின்னால முருங்க மரத்துக்கு அடியில கெடந்துது. அதுக்கு முன்னாடி காசிமேட்டுல மீன் லோடு அடிச்ச வண்டி. ஐஸ் தண்ணியும் உப்பும் சொட்டிச் சொட்டி பின்பக்க கிராஸ் மெம்பர், அதான் சேஸுக்குக் குறுக்கால ஓடற சட்டம், அப்பளமா ஆயிருச்சு, வெரல வெச்சா உள்ள போவுது. பதினாலு மாசம், ஒன்பது அடி சந்துல வேல பாத்தேன். வெல்டிங் மிஷினு போட்டா தெருவுல பாதி வூட்டுல லைட்டு மினுக்கும். எதிர்வூட்டு அக்கா சீரியல் முடியற வரைக்கும் ராடக் கையில புடிச்சிக்கினு நின்னிருக்கேன்.

சின்ன சாமானெல்லாம் டிரம்முல சலவை சோடா தண்ணி ஊத்தி, பேட்டரி சார்ஜர் மாட்டி துரு எடுத்தேன். கிராஸ் மெம்பர் 4 மி.மீ. தகடு, அம்பத்தூர் எஸ்டேட்ல வளைச்சு வாங்கினது. 7018 வெல்டிங் ராடு, நல்லா காயவெச்சு அடிச்சது. இதுல எது ஒட்டு? சொல்லுங்க.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 9.31

எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு நீயே வந்து சொல்ற தம்பி. நான் பேரு போடாதது மரியாதைக்கு.

அந்த போட்டோவ பெருசாக்கிப் பார்த்தேன். பழைய கிராஸ் மெம்பர்ல பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு ரிவீட்டு, ரெண்டு தகட்டைச் சேர்த்து அடிக்கிற இரும்பு ஆணி, இருந்த தடம் தெரியுது. இப்ப ஒண்ணுகூட இல்ல. ஓட்டையை அடைச்சு, கிரைண்டர் போட்டுத் தேச்சு, மேல கறுப்புப் பெயிண்டு. சோடாத் தண்ணி, சீரியல் அக்கா எல்லாம் சரி. அந்த எட்டு ரிவீட்டு எங்கே?

ரயில்வே ஒர்க்‌ஷாப்புல 34 வருஷம் இரும்போட மாரடிச்சவன் நான். ரிவீட்டைச் சிவக்கக் காய்ச்சி அடிச்சா, ஆறும்போது அது சுருங்கி ரெண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். சேஸ்னு ஒண்ணு குழியில இறங்கும்போது வளைஞ்சு கொடுக்கணும். வளைஞ்சு கொடுக்குறதுக்குத்தான் ரிவீட்டு. நீ அடிச்ச வெல்டிங் வளைஞ்சு கொடுக்காது. வெல்டிங் ஓடின வரம்பு ஓரத்துல இரும்பு குணம் மாறிப் போயிருக்கும், அங்கதான் முடி மாதிரி விரிசல் கிளம்பும். இன்னிக்கு இல்ல, ஒரு வருஷம் கழிச்சு, லோடோட, எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு முன்னாடி.

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 9.40

ஐ.சி.எஃப்.ல 1955லேருந்து ரயில் பெட்டியவே வெல்டிங் அடிச்சுத்தான் கட்டுறாங்க. உங்க வூட்டுலேருந்து பஸ்சுல போற தூரம். அந்தப் பெட்டியெல்லாம் முடி மாதிரி விரிஞ்சா நிக்குது?

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 9.52

ஐ.சி.எஃப். பெட்டி வெல்டிங்குக்குன்னே வரைஞ்சு, வெல்டிங்குக்குன்னே இரும்பு பொறுக்கிக் கட்டினது. உன் எஃப்சி ரிவீட்டுக்குன்னு வரைஞ்சது. வேட்டிக்கு எடுத்த துணியில சட்டை தைச்சுப் போட்டுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் சட்டை நல்லாத்தானே இருக்குன்னு கேக்குற.

எட்டு ரிவீட்டு.

டீசல்தாசன் | இரவு 9.58

நல்லா அடிச்சுக்குங்க. ஆனா முக்கியமானதை விட்டுட்டீங்க. அந்த ஹரிக்கேன் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை இன்னுமா வெச்சிருக்க? பெட்ரோல் விக்கிற விலையில அது குடிக்கிற குடிக்கு ஒரு டாஸ்மாக்கே தாங்காது. ஜீப் டீசல் இன்ஜின் ஒண்ணு புதுப்பேட்டையில தேடி ஏத்து. கியர் பாக்ஸ் மவுண்டு மட்டும் கொஞ்சம் வெட்டி ஒட்டணும்.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 10.01

வந்துட்டாரு அடுத்த ஒட்டு.

பழம்பொருள் | இரவு 10.10

அன்பர்களுக்கு வணக்கம். சட்டத்தை ஒருவரும் பேசவில்லையே என்று வருகிறேன். 2021 விதிப்படி, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெருமை வண்டி என்று பதிவு செய்து 'விஏ' எழுத்துள்ள எண்பலகை வாங்கலாம். புதிய பதிவுக்கு ரூ. 20,000. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. டீசல் ஏற்றினால் அந்தப் பேச்சே இல்லை. அதுபோக, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. என் 1938 காரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. தகுந்த நிபுணரிடம் கொடுத்துச் செய்வதே முறை. வீதியில் வைத்துச் செய்யும் காரியம் அல்ல இது.

மீன்பாடி | இரவு 10.16

அடையாறு சார் வந்துட்டாரா? சாருக்கு ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரியுமா? "வீதியில வெச்சு செய்யும் காரியம் அல்ல"வாம். எங்களுக்கு வீதி தான் ஒர்க்‌ஷாப்பு, வீதி தான் ஆபீஸ், வீதி தான் கல்யாண மண்டபம். உங்களாண்ட ரெண்டு கார் நிறுத்த ஷெட்டு கீது, அதத் தொடைக்க ஒரு ஆளு கீது.

பழம்பொருள் | இரவு 10.20

நான் அடையாறு அல்ல. சாஸ்திரி நகர்.

மீன்பாடி | இரவு 10.21

ஐயோ, தெரியாம சொல்லிட்டேன். ரொம்ப தூரம்.

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 10.27

விஏ போர்டு எனக்கு எதுக்கு சார்? அதுல சம்பாதிக்கிற வேலையே பண்ணக்கூடாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் தான். நான் இத மாமாவுக்காகப் பண்றேன். அவரு இந்த மாதிரி எஃப்சிலதான் முப்பது வருசம் லோடு அடிச்சாரு. இன்ஜின் டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவுல இருக்கும். மே மாசத்துல இடது கால் வெந்துடும்னு சொல்வாரு. அந்தச் சூடே வேணும்னு கேக்குறாரு அந்தாளு. அதனால டீசல் கெடையாது.

டீசல்தாசன் | இரவு 10.30

டீசல் இன்னும் சூடா இருக்கும்பா. மாமாவுக்கு டபுள் சந்தோஷம்.

மீன்பாடி | இரவு 10.31

எஃப்சி வண்டிக்கு எஃப்சி, அதான் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டு, காட்டணுமே, அத யோசிச்சியா? ஆபீசுல போய் "எஃப்சிக்கு எஃப்சி"ன்னு கேட்டா பைத்தியம்னு நெனப்பான்.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 10.44

சிரிங்க, நல்லா சிரிங்க. சூடு, மாமா, சாஸ்திரி நகர், எஃப்சிக்கு எஃப்சி. ஒருத்தன் வாயிலயும் அந்த எட்டு வரல.

பழைய பாம்பன் பாலம் 1914ல திறந்தது. பூரா ரிவீட்டு. 1964 டிசம்பர் புயல்ல ரயிலையே கடல் இழுத்துட்டுப் போச்சு, நடுவுல இருந்த தூக்குப்பாலம் நின்னுச்சு. அதான் ரிவீட்டு. இன்னொண்ணும் சொல்றேன். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரன் அவசரத்துக்கு வெல்டிங் அடிச்சு ஆயிரக்கணக்குல கப்பல் கட்டினான். ஸ்கெனெக்டடின்னு ஒரு எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரியில, புயலும் இல்ல அலையும் இல்ல, துறைமுகத்துல கட்டிப் போட்டிருந்த இடத்துலயே ரெண்டா பிளந்துச்சு. புது வெல்டிங்! ஹார்பர் பக்கத்துல பொறந்து வளர்ந்த பசங்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லணுமா?

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 10.58

பெரியவரே, பாதி கதைய சொல்லி ரிவீட்டு அடிக்காதீங்க. பாம்பன்ல தூக்குப்பாலம் நின்னுச்சு, மீதி கர்டர்ல பெரும்பாதி கடலுக்குள்ள போச்சு. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் வந்து 46 நாள்ல திரும்ப நிறுத்தினதா எங்க வாத்தியாரு சொல்லுவாரு. அதுவும் ரிவீட்டு கர்டர்தானே? 2025 ஏப்ரல்ல தொறந்தாங்களே புதுப் பாலம், அது வெல்டிங்.

அந்தக் கப்பலு ஒடஞ்சது குளிருல. அந்தக் காலத்து இரும்பு குளிருக்கு பீங்கான் மாதிரி ஆயிடும். கொடுங்கையூர்ல எங்க கீது குளிரு? ஜனவரியில கூட ஃபேன் போட்டுத்தான் தூங்குறோம்.

அப்பால, டைட்டானிக்கு. முப்பது லட்சம் ரிவீட்டு.

மீன்பாடி | இரவு 10.59

ஒரே அடி. பெருசு காலி.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 11.06

டைட்டானிக் ஐஸ் மலையில மோதிச்சு. உன் வண்டி ஐஸ் பெட்டிதான் ஏத்தப் போகுது. ரெண்டையும் ஒண்ணா பேசுற ஆளு கையில வெல்டிங் ஹோல்டர் இருக்கறதுதான் என் கவலையே.

உப்புக்காத்து | இரவு 11.12

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வழி சொல்லட்டுமா? ரிவீட்டு அடிக்க ஆள் கிடைக்கலன்னா, ஓட்டைய ரீமர் போட்டு சரியான அளவுக்கு எடுத்து 10.9 கிரேடு போல்ட்டை இறுக்கமா இறக்கி, டார்க் ரெஞ்சு வெச்சு முடுக்கலாம். பெரிய லாரிக்காரங்களே பண்றதுதான். பாரிமுனை போல்ட் கடையில கிடைக்கும்.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 11.14

போல்ட்டா? போல்ட்டு லூசாகும். நான் போல்ட்டைப் பத்திப் பேசவே இல்ல. ரிவீட்டு.

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 11.15

போல்ட்டா? ஓட்டைய அடைச்சு பெயிண்டும் அடிச்சப்புறமா? நல்ல நேரத்துல வந்தீங்க போங்க.

உப்புக்காத்து | இரவு 11.17

இதுக்குத்தான் நான் இங்க வாயத் தொறக்கறதே இல்ல.

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 11.29

சரி, நேரா கேக்குறேன். பெரியவரே, உங்க ஃபார்கோ பிக்கப்பு என்னாச்சு? நான் பாலிடெக்னிக் படிக்கறப்பவே செங்கல்லு மேல குந்திக்கினு இருந்துது. இப்பவும் அங்கயேதான் குந்திக்கினு கீது. சக்கரம் இல்ல, இன்ஜின் சாக்கு மூட்டைக்குள்ள. மிக்ஜாம் புயலப்போ தண்ணி பானட் வரைக்கும் வந்துது. எண்ணூர் முகத்துவாரத்துல மெதந்த எண்ணெய் அங்க வந்திருந்தாலாவது துரு புடிக்காம இருந்திருக்கும். என் வண்டி ஓடுது. உங்க வண்டில பூனை குட்டி போட்டிருக்கு.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 11.41

ஆமா. நிக்குது. ஒரு ரிவீட்டு குறையாம நிக்குது.

மூணாவது தடவை பூனை குட்டி போட்டிருக்கு, அதுக்கும் கணக்கு வெச்சிருக்கேன். காய்ச்சி அடிக்க உலை வேணும், உள்பக்கம் ரிவீட்டுக்கு முட்டுக் கொடுக்கிற டாலி இரும்பைப் பிடிக்க ஒரு ஆளு வேணும். என்கூட டாலி பிடிச்சவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. கிடைச்ச பையன்லாம் "அண்ணே, வெல்டிங் அடிச்சா அஞ்சு நிமிஷம்"ங்கறான். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான் ஒத்துக்கல, அதான் நிக்குது. அவசரமா முடிக்க எனக்குத் தெரியாதா?

அப்புறம், பூனையைப் பார்க்க நீ என் வீட்டுக்கு வந்தது எதுக்குன்னு இவங்க கிட்ட சொன்னியா? செயின் பிளாக் வாங்கறதுக்கு. இன்ஜின் தூக்குற சங்கிலிக் கப்பி, ஒரு டன் செயின் பிளாக். "இன்ஜின் எறக்கிட்டு ஞாயித்துக்கிழமை குடுத்துடறேன் நைனா"ன்னு வாங்கிட்டுப் போன. எந்த ஞாயித்துக்கிழமைன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல.

மீன்பாடி | இரவு 11.43

அடப்பாவி! மேட்டரு இதானா?

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 11.48

செயின் பிளாக்க இதுல இழுக்காதீங்க. நாலு மாசம்தான் ஆச்சு. ஊக்குல லாக்கு இல்லாம குடுத்தீங்க, நான்தான் புதுசு வாங்கிப் போட்டேன். அந்தக் காச நான் கேட்டனா?

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 11.50

ஏழு மாசம். லாக்கு இருந்துச்சு.

டீசல்தாசன் | இரவு 11.52

செயின் பிளாக் கையிலயே இருக்குன்னா பெட்ரோல் இன்ஜின எறக்க இதவிட நல்ல நேரம் வராது. நான் ஒண்ணும் சொல்லல.

பழம்பொருள் | இரவு 11.55

சேசிஸ் எண் பதித்த இடத்தை வெல்டிங் தொடாமல் இருக்கிறதா? அதை ஒருவரும் கேட்கவில்லையே.

மீன்பாடி | இரவு 11.56

சார், சாஸ்திரி நகர்ல பதினோரு மணிக்கு தூங்கிடுவாங்கன்னு நெனச்சேன்.

கொடுங்கையூர்_எஃப்சி | இரவு 12.03

நம்பரு தொடல, அது முன்பக்கம். சார் ஒருத்தராவது வேலையப் பத்தி ஒரு கேள்வி கேட்டாரு.

காலையில மூணரைக்கு காசிமேடு போறேன், மாமாவ பக்கத்து சீட்டுல குந்த வெச்சு. ஐஸ் பொட்டி, வஞ்சிரம், எல்லாம் ஏத்தி திருவொத்தியூர் வரைக்கும் ஒரு ரவுண்டு. வெல்டிங் புட்டுக்குதா இல்லியான்னு பார்த்துட்டு போட்டோ போடறேன்.

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 12.09

ஒரு நாள் ஓடறதுக்கு சணல் கயிறு கட்டினாக்கூட போதும். நான் சொன்னது ஒரு வருஷம். அடுத்த வருஷம் இதே தேதியில, அந்தக் கிராஸ் மெம்பர் மூலையில கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிட்டு, மண்ணெண்ணெய் தடவித் தொடைச்சு, மேல சுண்ணாம்பு பூசிப் பாரு. விரிசல் இருந்தா எண்ணெய்க் கோடு தானா வெளிய வரும். அப்ப எனக்கு போட்டோ அனுப்பு.

காசிமேடு போற வழி ராயபுரம் தான். மூணரைக்கு நான் முழிச்சுத்தான் இருப்பேன். செயின் பிளாக்கை எறக்கிட்டுப் போ. லாக்கோட.

புதுசா_வந்தவன் | இரவு 12.14

அண்ணா அந்த ஃபார்கோ விலைக்கா? பூனையோட எவ்ளோ?

ராயபுரம்_ரிவீட்டு | இரவு 12.15

விக்கறதுக்கில்ல. தம்பி கொடுங்கையூரு, தூங்கிட்டியா? எட்டு.