பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் ஆங்கில வினாச்சொற்கள்: மலையில் எங்கள் அனுபவங்கள்

குன்னூர், ஆங்கில ஆசிரியை:

குன்னூரில் கடை வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும் மாலை வேளைகளில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்து வருகிறேன். 'எந்தப் பேருந்து', 'என்ன நிறம்', 'யார் வீடு', 'எத்தனை பேர்' என்று தமிழிலும் வினாச்சொல் பெயருக்கு முன்புதான் வருகிறது. ஆகையால் 'விச் பஸ்', 'வாட் கலர்', 'ஹூஸ் ஹவுஸ்' என்னும் சேர்க்கையைத் தமிழருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சேர்க்கை வாக்கியத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில்தான் இரு மொழிகளும் வழி பிரிகின்றன.

டீத்தூள் கடை நடத்தும் ஓர் அம்மையார் சுற்றுலாப் பயணிகளிடம் 'விச் யூ வாண்ட் டீ?', 'ஹவ் மெனி யூ வாண்ட் பாக்கெட்?' என்று கேட்டு வந்தார். வாங்குபவர்களுக்குக் கருத்து எப்படியோ விளங்கிவிடும். ஆயினும் ஒருவராவது ஒரு கணம் விழிக்காமல் இருந்ததில்லை என்று அவரே வருந்திச் சொன்னார். ஆங்கிலக் கேள்வி வினாச்சொல்லில் தொடங்க வேண்டும் என்பதை அவர் சரியாகவே அறிந்திருந்தார். தமிழில் 'நீங்கள் எந்த டீ வாங்குகிறீர்கள்?' என்று வாக்கியத்தின் நடுவே வைத்துக் கேட்டுப் பழகியதால், முன்னே இழுக்கும்போது வினாச்சொல் மட்டும் வந்துவிட்டது, பெயர்ச்சொல் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. 'விச் டீ டூ யூ வாண்ட்?' என்று இரண்டும் பிரியாமல் தலைப்பக்கம் வர வேண்டும். ஆகவே 'விச் டீ', 'ஹவ் மெனி பாக்கெட்ஸ்' ஆகியவற்றை ஒரே சொல்லைப்போல மூச்சுவிடாமல் பலமுறை சொல்ல வைத்தேன். இலக்கண விதியை எடுத்துச் சொன்னபோது வராத தெளிவு, அவருக்கு இந்தப் பயிற்சியில் வந்தது.

'எத்தனை பாக்கெட்', 'எத்தனை நாள்' என்று தமிழில் ஒருமையிலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஹவ் மெனி' வந்தால் அடுத்த பெயர் பன்மையாகத்தான் இருக்க வேண்டும். எண்ண முடியாத பொருளுக்கு 'ஹவ் மச்' வரும். டீத்தூளுக்கு 'ஹவ் மச் டீ', அதையே பொட்டலமாகக் கேட்டால் 'ஹவ் மெனி பாக்கெட்ஸ்' என்று ஒரே கடையில் இரண்டையும் காட்டிவிட முடிகிறது.

எல்லாவற்றிலும் நான் அதிக நேரம் செலவிடுவது 'டூ' என்னும் துணைவினைக்குத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சினோடு ஏறிவரும் மலை ரயில், குன்னூரில் எஞ்சினை மாற்றிக்கொண்டு உதகைக்குப் போகிறது. அந்த ரயில் நிலையத்தையே நான் பாடத்துக்குப் பயன்படுத்துகிறேன். 'எந்த ரயில் உதகைக்குப் போகிறது?' என்பதில் போவது ரயில்தான். அங்கே 'எந்த ரயில்' என்பதே எழுவாய். எனவே 'டஸ்' எதுவும் இன்றி 'விச் டிரெயின் கோஸ் டு ஊட்டி?' என்று நேராகக் கேட்டுவிடலாம். 'வழக்கமாக நீங்கள் எந்த ரயிலில் போகிறீர்கள்?' என்றால் போகிறவர் வேறொருவர். ஆகையால் 'விச் டிரெயின் டூ யூ டேக்?' என்று 'டூ' வர வேண்டும். 'ஆர்', 'கேன்', 'வில்' போன்றவை ஏற்கெனவே இருந்தால் அவையே எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். செயலைச் செய்வது யார், எது என்று முதலில் கேட்டுக்கொள்ளப் பழகியவர்கள் இதில் பிறகு தடுமாறி நான் பார்த்ததில்லை.

கொடைக்கானல், சுற்றுலா வழிகாட்டி:

ஆசிரியை அவர்கள் எழுதியதை முழுமனதாக ஏற்கிறேன். எனக்கு நேர்ந்தது 'வாட்', 'விச்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பற்றியது. பிரையண்ட் பூங்கா வாசலில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியிடம், 'எந்தப் பூவைப் பார்க்க விரும்புகிறீர்கள்?' என்ற நினைப்பில் 'விச் ஃப்ளவர்ஸ் டூ யூ வாண்ட் டு சீ?' என்று கேட்டேன். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. எனினும் அந்த அம்மையார், 'எவையெவை இருக்கின்றன, சொல்லுங்கள்' என்று என்னையே திருப்பிக் கேட்டார். 'விச்' என்று கேட்டால், கண்முன்னே சில இருக்கின்றன, அவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ தெரிந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வரையறை இல்லாமல் கேட்பதற்கு 'வாட் ஃப்ளவர்ஸ்' என்பதே இயல்பு. நம்முடைய 'எந்த' இரண்டு சூழலுக்கும் பொருந்திவிடுவதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை.

எல்லா இடத்திலும் இது கறாரான விதி அன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதைப் பற்றி விசாரிக்கிறவர்களில் சிலர் 'வாட் இயர்' என்கிறார்கள், சிலர் 'விச் இயர்' என்கிறார்கள், இரண்டும் சரியே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோக்கர்ஸ் வாக்கில் மேகம் விலகியதும் 'வாட் எ வியூ!' என்று வியப்பவர்கள் கேள்வி கேட்கவில்லை. எங்களோடு புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பாவம், அதைக் கேள்வியாக எண்ணிப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். 'என்ன அழகு!' என்று தமிழிலும் 'என்ன' வியப்புக்கு வருகிறது. நாம் குரலைக் கொண்டு பிரித்தறிகிறோம். எண்ணத்தக்க ஒருமைப் பெயராக இருந்தால், ஆங்கிலத்தில் இடையே வரும் அந்தச் சிறிய 'எ' அது வியப்பு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வினாவில் வாட், விச், ஹூஸ் ஆகியவற்றுக்கும் பெயருக்கும் இடையே 'எ', 'தி' எதுவும் நுழையாது.

கோத்தகிரி, செவிலியர்:

மருத்துவமனையில் இத்தகைய கேள்வி தவறாகப் போனால் விளைவு பெரிது என்பதால் எழுதுகிறேன். மலையேற வந்து காலைச் சுளுக்கிக்கொள்பவர்களிடம் 'விச் லெக் ஹர்ட்ஸ்?' என்று கேட்பது எளிது. 'எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது?' என்பதை ஒவ்வாமை என்ற சொல்லை வைத்து ஆங்கிலத்தில் கேட்பதுதான் எங்கள் பெண்களுக்குக் கடினமாக இருக்கிறது. 'விச் மெடிசின் ஆர் யூ அலர்ஜிக் டு?' என்று முடிய வேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு எங்கும் உடன் செல்கிறது. ஆங்கிலத்தில் பெயர் முன்னே போனபின் 'டு', 'ஃப்ரம்', 'அட்' போன்றவை வாக்கியத்தின் கடைசியில் தனியாக நின்றுவிடுகின்றன. எழுத்தில் அவற்றை 'விச்' என்பதற்கு முன்னால் வைப்பதுண்டு. நோயாளியிடம் பேசும்போது கடைசியில் விடுவதே இயல்பு. புதிதாக வருபவர்கள் அந்தக் கடைசிச் சொல்லை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

'காய்ச்சலுக்கு இது எத்தனையாவது நாள்?' என்பதற்கு ஆங்கிலத்தில் நேரான வினாச்சொல் கிடையாது. 'ஹவ் மெனி டேஸ் ஹேவ் யூ ஹேட் தி ஃபீவர்?' என்று மாற்றிக் கேட்டு, விடையிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறோம்.

உதகை, வாடகைக் கார் ஓட்டுநர்:

செவிலியர் சகோதரி குறிப்பிட்ட 'எத்தனையாவது' எங்கள் தொழிலிலும் வருகிறது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வண்டி நின்றுபோன வெளியூர்க்காரர் ஒருவர் அலைபேசியில் அழைத்தபோது 'விச் பெண்ட் ஆர் யூ அட்?' என்று கேட்டேன். எண்ணிட்ட 36 வளைவுகளுள் ஒன்றைத்தானே சொல்ல வேண்டும்; அதனால் இங்கே 'விச்' போதும். அவரும் பலகையைப் பார்த்து உடனே எண்ணைச் சொன்னார். பதற்றத்தில் இருப்பவரிடம் சற்றுப் பணிவாகக் கேட்க வேண்டுமானால் 'கேன் யூ டெல் மீ விச் பெண்ட் யூ ஆர் அட்?' என்கிறேன். அப்படிக் கேள்விக்குள் கேள்வியாக வைக்கும்போது 'ஆர் யூ' என்பது 'யூ ஆர்' என்று நேராகிவிடும். 'விச் பெண்ட்' மட்டும் சேர்ந்தே இருக்கும்.