மெடோராவை வீழ்த்தியது பனியா, மோரெஸின் கணக்கா?

செந்நிலவன்:
அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள மெடோரா, மோரெஸ் என்ற பிரெஞ்சுப் பிரபு 1883-இல் தன் மனைவி பெயரில் நிறுவிய ஊர். மாடுகளை உயிரோடு சிகாகோவுக்கு ஏற்றாமல், மேய்ந்த இடத்திலேயே வெட்டி, குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் இறைச்சியாக அனுப்புவதுதான் அவர் திட்டம். அருமையான திட்டம். 1886-87 குளிர்காலம் மந்தைகளை அழித்தது, ஊரும் காலியானது. இதற்கு மோரெஸைப் பழிப்பது நியாயமே இல்லை.

பழங்கணக்கு:
தேதியைப் பாருங்கள் நண்பரே. அவருடைய இறைச்சிக்கூடம் 1886 நவம்பரிலேயே நின்றுவிட்டது. பெரும் சாவு அதற்கு அப்புறம்தான். புல் மட்டும் மேய்ந்த மாடு இலையுதிர்காலத்தில்தான் சதை பிடிக்கும். வருஷத்தில் சில மாதம்தான் வெட்ட மாடு கிடைக்கும். மீதி நாளெல்லாம் கூடம் சும்மா கிடக்கும், செலவு மட்டும் ஓடும். போதாததற்கு, கிழக்கு நகரத்துக்காரர்கள் விரும்பியது மக்காச்சோளம் தின்று கொழுத்த மாட்டின் இறைச்சியை. மாமனார் நியூயார்க் வங்கிக்காரர் என்பதால்தான் அத்தனை நாள் தாக்குப்பிடித்தார்.

செந்நிலவன்:
சிகாகோ இறைச்சி முதலாளிகளின் போட்டியை விட்டுவிட்டீர்களே! சரி, கூடம் போகட்டும். பக்கத்தில் இரண்டு பண்ணை வைத்திருந்த ரூஸ்வெல்ட் (பிற்பாடு ஜனாதிபதி ஆனவரேதான்) கூடம் எதுவும் நடத்தவில்லை. அந்த ஒரே குளிர்காலத்தில் அவருடைய மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன. அதற்கு யார் கணக்குத் தப்பாம்?

காட்டாறு:
எல்லோருடைய கணக்கும்தான். 1886 கோடையில் மழை பொய்த்தது, புல் கருகியது. அதற்கு முன்பே அளவுக்கு மீறி மாடுகளை இறக்கியிருந்தார்கள். அரசாங்க நிலம், வேலி கிடையாது, நாம் மேய்க்காவிட்டால் அடுத்தவன் மேய்ப்பான் என்ற ஓட்டம். குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்கும் வழக்கமே பெரும்பாலோரிடம் இல்லை. அந்த மண்ணுக்குப் பழகிய காட்டெருமை, தலையால் பனியை ஒதுக்கி அடியில் உள்ள புல்லை மேயும். மாட்டுக்கு அது வராது. அந்தக் காட்டெருமையைச் சுட்டுத் தீர்த்த பிறகுதான் புல்வெளி இவர்களுக்குக் காலியாகக் கிடைத்தது. ரூஸ்வெல்ட் 1883-இல் முதன்முதலாக அங்கே போனதே காட்டெருமை வேட்டைக்குத்தான்.

செந்நிலவன்:
வேலி இல்லாததுதான் குற்றம் என்றால் மோரெஸைப் பாராட்டுங்கள். நிலத்தை விலைக்கு வாங்கி வேலி போட்டவர் அவர். அதற்காகவே உள்ளூர்க்காரர்கள் பகைத்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் ஒருவர் செத்து, மோரெஸ் மீது வழக்கு நடந்து, 1885-இல் அவர் விடுதலையானார்.

பழங்கணக்கு:
ஒரு உயிர் போனதை அவருடைய முன்யோசனைக்குச் சான்றாக வைப்பது எனக்கு வலிக்கிறது. வேட்டைக்காரர்கள் காலங்காலமாகப் போய்வந்த தடத்தை அடைத்தார், பேசித் தீர்க்கவில்லை.

காட்டாறு:
1887-க்குப் பிறகும் அந்தப் பக்கம் மாடு வளர்ப்பு நிற்கவில்லை. மந்தையைச் சிறிதாக்கி, வேலி கட்டி, வைக்கோல் அடுக்கியவர்கள் நிலைத்தார்கள். பனி அதற்கப்புறமும் பெய்யத்தான் செய்தது.

செந்நிலவன்:
வைக்கோல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மோரெஸ் விஷயத்தில் முடியாது. ஆண்டு முழுக்க மாடு கொடுக்கும் இடத்தில் அந்தக் கூடம் இருந்திருந்தால் ஓடியிருக்கும்.

பழங்கணக்கு:
அந்த இடத்துக்குப் பெயர்தான் சிகாகோ.