போனைக் கேட்டார்கள், துண்டு (பற்றுச்சீட்டு) தரவில்லை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கோ

பூவரசு:

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று மாதமாக யோசித்தேன். "சோலியை விலைக்கு வாங்காதை பிள்ளை" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. போன கிழமை பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவனுக்கும் எனக்கு வந்தமாதிரியே பொலிசில் இருந்து விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவனுடைய தாய் எங்கள் படலையடியில் நின்று, "உவை கூப்பிட்டா என்ன கொண்டு போகவேணும்?" என்று கேட்டா. எனக்கு ஒழுங்கான பதில் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

என் அண்ணா 2009 மே மாதத்தோடு இல்லை. நவம்பர் 27, மாவீரர் நாளன்று முற்றத்தில் ஒரு சிட்டி விளக்கு ஏற்றினோம். அதைப் படம் எடுத்து, "அண்ணா" என்ற ஒரே சொல்லோடு என் பக்கத்தில் போட்டேன். கொடி இல்லை, சின்னம் இல்லை, யாருடைய முகமும் இல்லை. 2024இல் மாவீரர் நாள் பதிவுகளுக்காகப் பிடிபட்டவர்களின் செய்தி நினைவில் இருந்ததால் அதிலெல்லாம் கவனமாகவே இருந்தேன். டிசம்பரில் தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு அழைப்பு. "நாளைக்குக் காலமை 9 மணிக்கு வாங்கோ, சின்ன விசாரணைதான்." கடிதம் ஏதும் அனுப்புவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவும் வந்தார். எப்போதும் சாரத்தோடு நிற்கிற மனுசன், அன்று காற்சட்டை போட்டு சேட்டை உள்ளுக்கு விட்டிருந்தார். அவரை வெளியில் வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே முதலில் கேட்டது ஐசி (அடையாள அட்டை) இல்லை, போன். "லொக்கை எடுத்துத் தாங்கோ." எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று பிறகு கனபேர் கேட்டார்கள். அந்த மேசைக்கு முன்னால் தனியாக இருந்தவருக்குத்தான் அது விளங்கும்.

மேசையில் இருந்த அதிகாரி எனக்கு முன்னாலேயே பார்த்தார். அவருடைய பெருவிரல் என் படங்களை மேலே தள்ளிக்கொண்டு போனது. அம்மாவின் ஈசிஜி. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். கனடாவில் அக்காவின் குழந்தை குளிக்கிற படம். போன வருடம் எனக்குத் தங்காமல் போன பிள்ளையின் ஸ்கான் படம் வந்தபோது விரல் நின்றது. பெரிதாக்கினார். "இது என்ன?" சொன்னேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என் கணவரும் டொக்டரும் தவிர யாரும் பார்க்காத படம் அது. அம்மாவுக்குக்கூட நான் காட்டவில்லை.

பிறகு போனை இன்னொருவர் அடுத்த அறைக்குக் கொண்டுபோனார். கதவு அரைவாசி திறந்திருந்தது. என் தொடர்பு இலக்கங்களை ஒவ்வொரு திரையாக அவர் தன்னுடைய போனில் படம் எடுத்ததைக் கண்டேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போன் என் கையில் இல்லை.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்: தமிழில் வாசித்துக் காட்டாமல் போடமாட்டேன் என்றேன். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது, யாரும் இரங்கித் தருகிற சலுகை இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை முக்கால் மணித்தியாலம் இருந்தேன். வாசித்தபோது, நான் "நினைவுகூர்ந்தேன்" என்று சொன்ன இடத்தில் "கொண்டாடினேன்" என்ற பொருளில் இருந்தது. திருத்தினார்கள். அந்த ஒரு சொல்லோடு கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் கை குளிர்கிறது.

போனைத் திருப்பித் தந்தபோது அப்பா மெல்லமாகக் கேட்டார்: "ஐயா, எடுத்ததுக்கு ஒரு துண்டு தருவியளோ?" அவர் சிரித்தார். "போனைத்தானே தந்தாச்சு, பிறகு என்ன துண்டு?"

தட்டிவான்:

தங்கச்சி, வாசிச்சுப்போட்டு கனநேரம் பேசாமல் இருந்தனான். அந்த ஸ்கான் படம்... என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.

நான் வயசான ஆள். இயக்கக் காலத்தில, புலிகள் இருக்கேக்க, வெளியில போகப் பாஸ் எடுத்து அலைஞ்சனான். ஆமி வந்தாப் பிறகு ஒவ்வொரு பொயின்ரிலயும் ஐசியை நீட்டினனான். 2011 தொடக்கத்தில, சண்டை முடிஞ்சு ஒண்டரை வருசத்துக்குப் பிறகு, ஆமி வீடு வீடா வந்து குடும்ப விபரம் எழுதி எல்லாரையும் நிப்பாட்டிப் படம் எடுத்தது உங்களில கனபேருக்கு ஞாபகம் இருக்கும். எங்கட எம்பிமார் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சட்டமா அதிபர் பகுதி நிப்பாட்டுறம் எண்டு சொன்னது. என்ர மனிசி அந்தப் படத்துக்கு நைற்றிக்கு மேல துவாயைப் போட்டுக்கொண்டு நிண்டவ. அந்தப் படம் இண்டைக்கு எங்க கிடக்கெண்டு அவ சாகுமட்டும் கேட்டவ.

அதால இப்ப டிஜிட்டல் அடையாள அட்டை எண்டவுடன வசதி எண்டு மட்டும் என்னால பாக்க ஏலாமல் கிடக்கு. 2022இல இந்தியாவோட ஒப்பந்தம் போட்டுத் தொடங்கின வேலை. கைரேகை, கண், முகம் மூண்டும் எடுக்கிற திட்டம். பென்சனுக்கும் ஆசுப்பத்திரிக்கும் அலைச்சல் குறையும் எண்டால் எனக்கும் சந்தோசம்தான். ஆனா ஆர் என்ர பதிவைத் திறந்து பாத்தது, எப்ப பாத்தது எண்டு எனக்குக் காட்டவேணும். மற்ற ஊர்ச்சனத்துக்கு இது பெரிய விசயமா இல்லாமல் இருக்கலாம். பட்டியல் எடுத்த பிறகு ஆக்கள் காணாமல் போன ஊர் எங்கட ஊர்.

பழைய துண்டுகள் எல்லாத்தையும் நான் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள வைச்சிருக்கிறன். பாஸ், நிவாரண அட்டை, விதானையார் தந்த கடிதம், எல்லாம். கறையான் அரிச்சது போக மிச்சம் கிடக்கு. உங்கட அப்பா துண்டு கேட்டது சரியான வேலை.

கிணத்தடி:

நான் எழுதப்போறது பொலிஸைப் பற்றி இல்லை. ஆனா வாசிக்கேக்க எனக்கு அதே நடுக்கம் வந்தது.

மகனின்ர ரியூசன் காசுக்காக போனில கடன் தாற ஒரு ஆப்பில 25,000 ரூபா கேட்டன். கையில வந்தது 17,000. மிச்சம் சேவைக் கட்டணமாம். ஏழு நாளில 25,000 கட்டவேணும். சம்பளத்துக்கு ஒம்பது நாள் கிடந்தது. நகைக்கடைக்குப் போயிருக்கலாம் எண்டு சொல்லாதேங்கோ, தாலிக்கொடி ஏற்கெனவே அடைவில.

ஆப்பைப் போடேக்க "அனுமதி, அனுமதி" எண்டு நாலைஞ்சு தரம் அமத்தினது ஞாபகம் இருக்கு. இலக்கங்களும் படங்களும் அதோட போனது எனக்கு விளங்கேல்லை. அஞ்சாம் நாள் காலமை 6 மணிக்கு முதல் கோல் எனக்கு வரேல்லை, கோயில் ஐயருக்குப் போனது. "உங்களைப் பிணையாளியாக் காட்டியிருக்கிறா" எண்டு. பிறகு மாமிக்கு. பிறகு வேலைசெய்யிற இடத்து முதலாளிக்கு. மத்தியானம் மகனின்ர வகுப்பு ரீச்சருக்கு என்ர படம் போயிருக்கு, கீழ "கள்ளி" எண்டு எழுதி. அந்தப் படம் நான் எங்கயும் போடாத படம். நல்லூர்த் தேருக்குப் போகேக்க கண்ணாடிக்கு முன்னால நிண்டு எடுத்தது.

ரீச்சர் நல்ல மனுசி. மகனைத் தனியாக் கூப்பிட்டு, "அம்மாட்டச் சொல்லுங்கோ, நான் அழிச்சுப்போட்டன் எண்டு" சொல்லி விட்டவ. அவன் வந்து சொல்லேக்க நான் கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான். அவனுக்கு முகம் குடுக்க ஏலாமல் வாளியைத் திருப்பித் திருப்பிக் கழுவினன்.

கடனைக் கட்டிப்போட்டன். ஒப்பந்தத்தின்ர பிரதி தாங்கோ எண்டு கேட்டன். அதுக்கு மட்டும் பதில் இல்லை. கம்பனிக்கு விலாசமும் இல்லை. சேர்ட் எண்ட கணினிப் பாதுகாப்பு அமைப்பின்ர 101 இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னன், எல்லாத்தையும் ஸ்கிரீன்சொட் எடுத்து வைக்கச் சொல்லிச்சினம். அதுக்குள்ள நான் வெக்கத்தில பாதியை அழிச்சுப்போட்டன். பிள்ளையள், ஒண்டையும் அழியாதேங்கோ. 2022இல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு நிறைவேற்றினவை. எங்களிட்ட ஆதாரம் இல்லாட்டி எந்தச் சட்டமும் வந்து நிண்டு கதைக்காது.

நாவலடி:

சின்ன விஷயம் ஒன்று. எங்கள் ஊருக்காக முகநூலில் ஒரு பக்கம் நடத்துகிறேன். மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், தண்ணீர் வெட்டு இதுதான் அதில் அதிகம். யாழ். பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியில் மாணவர்கள் விளக்கேற்றிய படம் ஒன்றைப் போட்டேன். 2021 ஜனவரி 8 இரவு இடித்து, பிறகு மீண்டும் கட்டிய அதே தூபி. "ஆபத்தான அமைப்பு" என்று தூக்கிவிட்டார்கள். பக்கம் 30 நாள் பூட்டு. எந்தச் சொல், எந்தப் படம், ஒன்றும் சொல்லவில்லை. மேன்முறையீட்டுப் பொத்தானை அமத்தி ஒரு நிமிடம் ஆகவில்லை, "பரிசீலித்தோம், முடிவு மாறாது" என்று ஆங்கிலத்தில் வந்தது. ஒரு நிமிடத்தில் தமிழ் வாசித்துப் பரிசீலித்தது யார்? அந்த 30 நாளில் ஊரில் இரண்டு சாவு. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குச் சேதி பிந்திப் போனது.

தட்டிவான்:

தம்பி நாவலடி, தமிழ் வாசிக்கத் தெரியாமல் தமிழுக்குத் தீர்ப்பு எழுதுறது அங்க மட்டும் இல்லை. மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜசீமை 2020 மேயில பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சவை. தமிழ்க் கவிதை எழுதினதுக்கு. ஒண்டரை வருசத்துக்கு மேல உள்ளுக்கு. 2023 டிசம்பரில புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. போன நாளுக்கு ஆர் கணக்குக் காட்டுறது?

மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. 2018 மார்ச்சில கண்டிப் பக்கம் முஸ்லிம் சனத்தின்ர வீடுகளும் கடைகளும் எரிஞ்சபோது வெறுப்புப் பதிவுகள் தடையில்லாமல் ஓடினது. 2020 மேயில பேஸ்புக் அதுக்கு மன்னிப்புக் கேட்டது. அரசாங்கமோ அப்ப முழுத் தளத்தையும் பூட்டினது. 2019இலயும் பூட்டினது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, பெற்றோலும் கரண்டும் இல்லாமல் சனம் தெருவுக்கு வரப்போகுதெண்ட உடன, ஊரடங்கையும் போட்டுப் பூட்டினது. அண்டைக்கு லண்டனில பேத்திக்குக் காய்ச்சல். 15 மணித்தியாலம் வட்ஸ்அப் இல்லாமல் மகள் அங்க, நான் இங்க.

பூவரசு:

எல்லாருக்கும் நன்றி. கிணத்தடி அக்கா, உங்கள் பதிவை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தப் பெடியனின் தாய்க்காக ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டு வந்தேன். கணினிக் குற்றச் சட்டம் 2007இன் 24ஆம் இலக்கம். அந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கிறார்கள் என்றால், கைப்பற்றிய பொருளுக்கும் தரவுக்கும் திகதி, நேரம் போட்ட முழுப் பட்டியலை உரியவருக்குக் கொடுக்கவேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அப்பா கேட்டது சட்டப்படி கிடைக்கவேண்டிய துண்டுதான். எந்தச் சட்டத்தில் கூப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கவேண்டுமாம். நான் கேட்கவில்லை. இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒருவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. 2024 ஜனவரி 24 அன்று பாராளுமன்றத்தில் 108க்கு 62 வாக்குகள் என்று நிறைவேற்றிய அதே சட்டம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கோ. அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அவர்களின் அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் சொல்லலாம். நான் போனது 34ஆவது நாள். நத்தார், வருடப்பிறப்பு, அம்மாவின் பயம், என் பயம் என்று நாள் போய்விட்டது. முறைப்பாட்டைப் பதிந்தார்கள், ஆனால் மனுவுக்கான வழி அடைபட்டுவிட்டது. றம்சி ராசிக்கை முகநூல் பதிவுக்காக 2020 ஏப்ரலில் பிடித்தார்கள். அது உரிமை மீறல் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லி, 10 இலட்சம் ரூபா இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அவர் மனு நீதிமன்றத்தில் இருந்தபடியால்தானே அது நடந்தது. பிந்திய அந்தச் சில நாளை நினைத்து இரவில் முழிப்பு வருகிறது.

பிறகு தகவல் அறியும் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஒரே கேள்வி: என் போனில் இருந்து எடுத்த இலக்கங்களும் படங்களும் யாரிடம், எங்கே இருக்கின்றன? கையிலேயே கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்கினேன். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் துண்டு. அப்பா அதை மட்டைக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். அவர்களுக்கு 14 வேலை நாள். பதிமூன்றாம் நாள் பதில் வந்தது: தேசிய பாதுகாப்பு, தரமுடியாது.

மேன்முறையீட்டுக்கு எனக்கு 14 நாள். இன்னும் ஆறு இருக்கிறது. கடிதம் எழுதிவிட்டேன். இந்த முறை ஸ்கான் படத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், அது எப்படித் தேசிய பாதுகாப்பு என்று கேட்டு. அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி அம்மா நேற்று கெஞ்சினா. முதலில் படத்தைக் காட்டினேன். பிறகு கடிதத்தை வாசித்தா. எடுக்கச் சொல்லவில்லை. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அவவும் வருகிறாவாம்.